சூரிச் ஒன்றரைக் கோப்பைத் தூரம்

நாற்பது நிமிசமாம்! உங்கட மருமகன் வாய் கூசாமல் சொல்லிப்போட்டுப் போறார், நீங்களும் தலையாட்டிக்கொண்டு நிக்கிறீங்கள். நான் ஒட்டுக்கேக்கேல்லை, தவமணி. வேலிக்கு இங்கால உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். காது தன்ர பாட்டுக்கு வேலை செய்தது.

லண்டனிலிருந்து சூரிச்சுக்குப் போக இரண்டு மணி நாற்பது நிமிடம், திரும்பி வர வெறும் நாற்பது நிமிடம் என்கிறார். ரிக்கெட்டிலேயே போட்டிருக்கிறதாம், ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு ஒன்பது நாற்பதுக்கு இறங்குகிறது என்று. வரும்போது காற்றுப் பின்னாலிருந்து தள்ளுகிறதாம். அப்படித் தள்ளுகிற காற்றென்றால் சூரிச்சில் புல்லு மேய்கிற மாடுகள் எல்லாம் இங்கே குட்மேய்ஸில் எங்கள் தலையில் அல்லவா வந்து விழவேண்டும்? கம்பியூட்டர் படித்த பிள்ளை. நான் பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவள். ஆனால் பத்தொன்பது வருடம் விமானம் துப்புரவாக்கினவள். எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குப்பை சொல்லும்.

உண்மையாகத்தான். பாரிஸிலிருந்து வருகிற விமானத்தில் ரீ கோப்பைகள் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். சனம் ஊதி ஊதிக் குடிக்க முன்னமே இறங்க வேண்டியிருக்கும். பாரிஸ் அரைக் கோப்பை. சூரிச் என்றால் ஒரு கோப்பை முழுக்கக் குடித்திருப்பார்கள், இரண்டாவதில் பாதி மிச்சமிருக்கும், சொக்லேற் தாளை நாலாய் மடித்து வைத்திருப்பார்கள். குப்பையைக்கூட இஸ்திரி போட்டது மாதிரி வைக்கிற சனம். ஏதென்ஸ் மூன்று கோப்பை. ஒலிவ் கொட்டை, கழற்றி மறந்த காலுறை, கழுத்துத் தலையணை எல்லாம் கிடக்கும். நான் காலுறையைக் கண்டால் கேட்கவே மாட்டேன், தூர இடம் என்று தெரிந்துவிடும்.

சூரிச் எண்ணூறு கிலோமீற்றர் அளவில் வருமாம், என்னோடு வேலை செய்த மேர்சிதான் சொன்னவள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வருகிற தூரம். அதைப் போகவும் ஒரு மணி நாற்பது நிமிடம், வரவும் ஒரு மணி நாற்பது நிமிடம். முன்னப்பின்னப் பத்து நிமிடம் அசையும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒன்றரைக் கோப்பை. மிச்சம் எல்லாம் மணிக்கூட்டின் விளையாட்டு. அங்கே நேரம் எங்களைவிட ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. இதை விளங்காமல் ஒரு கலியாணமே நிற்கப் பார்த்தது. சிரிக்காதேங்கோ, சொல்லுறன். அந்தக் கதிரையில இருங்கோ. ஈரம் இல்லை, துடைச்சனான்.

அப்போது நாங்கள் விமான நிலையத்துக்குக் கிட்ட, ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். கோயிலில் கண்டு பழகின மேர்சி என்கிற மன்னார்ப் பிள்ளைதான் என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவள். நான் சிவன் கோயில், அவள் மாதா கோயில். எந்தக் கோயில் வாசலில் கண்டோம் என்று கேட்காதேங்கோ, இரண்டு வாசலிலும் சாப்பாடு குடுத்தவை. பயிற்சி இரண்டு நாள். தொலைக்காட்சியில் படம் காட்டினார்கள், கடைசியில் படத்துக்குப் பக்கத்தில் சரி போடச் சொன்னார்கள். மேர்சி எங்கே போட்டாளோ நானும் அங்கே போட்டேன். இரண்டு பேரும் ஒரே கேள்வியில் பிழைவிட்டோம். யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் மேலாளர் டொரீன். ஜமேக்காவில் பிறந்த மனுசி, நல்ல உயரம், கொண்டையை இறுக்கிக் கட்டியிருப்பா. சத்தம் போடவே மாட்டா. பிழை செய்தால்தான் 'டார்லிங்' என்று கூப்பிடுவா. மற்றவர்கள் அந்தச் சொல்லுக்கு உருகுவார்கள், நாங்களோ விட்ட பிழை எது என்று தேடத் தொடங்குவோம்.

வேலை எப்படி என்றால், கடைசிப் பயணி இறங்கினதும் டொரீன் பெருவிரலைத் தூக்குவா. அதிலிருந்து பன்னிரண்டு நிமிடம். ஆறு பேர், பின் படியால் ஏறுவோம். இரண்டு பேர் குப்பை, இரண்டு பேர் கழிவறையும் கம்பளமும், நானும் மேர்சியும் ஆசனப் பொக்கற். ஒவ்வொரு பொக்கற்றுக்குள்ளும் கை விடவேண்டும். பின்னால் புத்தகம், முன்னால் பாதுகாப்பு அட்டை, நடுவில் வாந்திப் பை. பை தட்டையாக இருந்தால் அப்படியே விடலாம். உப்பியிருந்தால் திறக்காமல் குப்பைக்குப் போகவேண்டும், அது சட்டம். பிறகு இருக்கைப் பட்டியை இரண்டு கையையும் மடித்து வைத்த மாதிரிக் குறுக்காகப் போட்டுவிட்டு அடுத்த வரிசை.

இதிலே டொரீனின் ஒரு குறும்பு. தன்னுடைய பழைய குளிர்க்கோட்டிலிருந்து கழன்ற சிவப்புப் பொத்தான் ஒன்று வைத்திருந்தா. நாங்கள் ஏறும்போதே முன்னால் போய் எங்கேயாவது ஒளித்துவிடுவா, நாங்கள் ஒழுங்காகத் தேடுகிறோமா என்று பார்க்க. கண்டெடுத்தவர் பேசாமல் கொண்டுபோய் அவவின் உள்ளங்கையில் வைக்கவேண்டும். அவவும் பேசாமல் சட்டைப் பொக்கற்றில் போடுவா. காணாவிட்டால், "டார்லிங்."

ஒருமுறை அதை வாந்திப் பைக்குள் போட்டு வைத்திருந்தா. நான் சட்டப்படி திறக்காமல் வீசினேன். டொரீன் குப்பையிலிருந்து எடுத்து என் மூக்குக்கு முன்னால் ஆட்டினா. "டார்லிங், திறக்கத்தான் கூடாது. விரலால அமத்திப் பாக்கலாமெல்லோ?" அவ சொன்னது இங்கிலிசில், நான் எங்கட பாசையில் சொல்கிறேன். அன்றிலிருந்து ஒரு பையையும் அமத்திப் பார்க்காமல் நான் விட்டதில்லை.

வேலை முடிந்ததும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும்தானே, கவுன்சில் கடிதம் வாசிக்கிறது நீங்கள்தானே. எண் மட்டும் தெரியும். பஸ்ஸும் கடையும் படிப்பித்து விட்டன. வேலையிடத்தில் இது ஒருவருக்கும் தெரியாது, மேர்சியைத் தவிர. டொரீன் தாளை நீட்டினால், "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்" என்பேன். மேர்சி நிரப்புவாள். நான் கீழே மீன்தூண்டில் மாதிரி ஒரு கொளுக்கியும் இரண்டு புள்ளியும் போடுவேன். அதுதான் என் கையெழுத்து. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பதினொரு வருடம் பயந்துகொண்டே அந்தக் கொளுக்கியைப் போட்டேன்.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. மாதா கோயிலில் மகளின் முதல் நன்மைச் சடங்கு என்று மேர்சி லீவு எடுத்திருந்தாள். சூரிச்சிலிருந்து ஒன்பது நாற்பதுக்கு வரவேண்டிய விமானம் சொன்ன நேரத்துக்கே வந்தது. டொரீன் பெருவிரலைத் தூக்கினா, ஏறினோம். ஒன்றரைக் கோப்பை, நாலாய் மடித்த தாள், எல்லாம் வழக்கம்போல. பதினேழாம் வரிசை, நடைபாதைக் கரை ஆசனம். பொக்கற்றுக்குள் கை விட்டால் வாந்திப் பை உப்பியிருந்தது. அமத்தினேன். வாந்தி இப்படியா இருக்கும்? பாரமாக இருந்தது. விரலுக்குள் ஏதோ பாம்பு மாதிரி வழுக்கி ஓடியது.

எனக்கு வந்த சந்தோசத்தைக் கேளுங்கோ. 'இந்த முறை மனுசி பொத்தானைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறா. பிடித்துவிட்டேன்' என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோய் அவவின் உள்ளங்கையில் பையை வைத்தேன்.

டொரீன் பையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"இது என்ர இல்லை."

இரண்டு பேரும் நின்று திறந்தோம். உள்ளே மஞ்சள் துணி. அவிழ்த்தால் தாலிக்கொடி! என் சின்னவிரல் தடிப்பு. பிள்ளையார் தாலி, புதுசு, கண்ணைப் பறித்தது. கூட ஒரு கலியாணக் காட், அழைப்பிதழ்தான், எட்டாய் மடித்திருந்தது.

நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். டொரீனுக்கு விளங்கவில்லை.

"இது எங்கட மோதிரம் மாதிரி," என்றேன்.

"மோதிரம் துலைஞ்சால் கடையில வேற ஒண்டு வாங்கலாம்தானே?"

"இதை வாங்கேலாது. நல்ல நாள் பாத்து, மாப்பிள்ளை வீட்டில, எல்லாற்ற கண்ணுக்கு முன்னால பொன் உருக்கிச் செய்யிறது. இது இல்லாமல் ஐயர் தொடங்கவும் மாட்டார். முகூர்த்தம் எண்டு ஒரு நேரம் இருக்கு. அது விமானம் மாதிரி. கதவு சாத்தினால் சாத்தினதுதான்."

அது மட்டும் அவவுக்குச் சட்டென்று விளங்கியது. விமான வேலைக்காரிக்கு, தவறவிட்ட நேரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டுமா? கலியாணக் காட்டை விரித்து என்னிடம் நீட்டினா. முழுக்கத் தமிழ்.

"உன்ர பாசைதானே. எப்ப கலியாணம், வாசி."

தவமணி, நான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேர்சி இல்லை. தமிழ் தெரிந்த வேறு ஆளும் இல்லை. வாய் தன் பழக்கத்துக்குச் சொல்லிவிட்டது.

"கண்ணாடியை வீட்டில..."

"பதினொரு வருசமா உன்ர கண்ணாடியை நானும் தேடுறன்," என்றா டொரீன். "ஒரு நாளாவது அது வேலைக்கு வரேல்லை."

கையில் யாரோ ஒரு பெண் பிள்ளையின் தாலி. பொய் சொல்ல ஏலாமல் போய்விட்டது.

"எனக்கு எழுத்து வராது. எண் மட்டும்தான் வரும்."

"அப்ப எண்ணை வாசி."

வாசித்தேன். அன்றைய திகதி. அதற்குக் கீழே பதினொன்று, பன்னிரண்டு. பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். டொரீன் தன் மணிக்கூட்டைப் பார்த்தா. பத்துக்கு மூன்று நிமிடம்.

கண்டெடுத்த பொருளுக்கு ஒரு முறை இருந்தது. பையில் போட்டு ஒட்டி, கண்டவர் தன் வாயால் எங்கே, எப்படி என்று சொல்லி, படிவம் நிரப்பி, மேலாளரும் கையெழுத்து வைக்கவேண்டும். பிறகு அது தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போகும். அது திங்கட்கிழமைதான் திறக்கும். ஆனால் உரியவர் கடவுச்சீட்டு வரிசையைத் தாண்டாமல் உள்ளேயே நின்றால், அடையாளம் கேட்டுக் கையோடு குடுக்கலாம். ஆள் வெளியே போய்விட்டாரென்றால் திங்கட்கிழமைதான்.

டொரீன் படிவத்தை முழங்காலில் வைத்து எழுத, நான் சொன்னேன். பதினேழாம் வரிசை, நடைபாதைக் கரை, பொக்கற்றின் நடு, இவ்வளவு பாரம். எழுதி முடித்துப் பேனையை என்னிடம் தந்தா. "உன்ர தூண்டிலைப் போடு." மனுசி அதையும் கவனித்துத்தான் இருந்திருக்கிறா! போட்டேன், அவசரத்தில் மூன்று புள்ளி விழுந்தது. ரேடியோவில் விமானக் கம்பனி மேசையில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, மற்ற நாலு பேரிடமும் விமானத்தைப் பாரம் கொடுத்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு நடந்தா. அவவின் ஒரு எட்டு எனக்கு மூன்று எட்டு.

கடவுச்சீட்டு மண்டபத்தில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து சனம். "எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று டொரீன் கேட்டு முடிக்கவில்லை, நான் கண்டுவிட்டேன். பட்டு வேட்டி, அதற்கு மேலே ஊதின கறுப்பு ஜக்கெற், நெற்றியில் மூன்று குறித் திருநீறு, கையில் மணிக்கூடு. அந்த வரிசையில் வேறு யாராக இருக்கும்? முன்னால் நின்ற வெள்ளைக்காரரை விலக்கி விலக்கி, "கலியாணம், கலியாணம்" என்று முன்னேறிக்கொண்டிருந்தார். இன்னும் பத்துப் பேரைத் தாண்டினால் மேசை.

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ! என்ன அவசரம்?"

தமிழைக் கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. "பிள்ளை, என்னை முன்னுக்கு விடச் சொல்லு. நான் மாப்பிள்ளையின்ர பெரியப்பா. எல்லாரும் வியாழக்கிழமையே வந்திட்டினம். எனக்கு ஷிப்ட் முடியேல்லை. நாற்பது நிமிசம்தானே, காலமை வெளிக்கிட்டாலும் போதுமெண்டு வந்தனான். இந்தப் பிளேன்காரன் ஒரு மணியும் நாற்பதும் ஓட்டிப்போட்டான்! வழி மாறிப் போட்டான் போல. இந்தா பார், பதினொண்டு பத்து. கிங்ஸ்பரியில முகூர்த்தம் துடங்கியிட்டுது!"

"நேரம் பிறகு பாப்பம். பொருளைக் கவனமா வச்சிருக்கிறீங்களே?"

நெஞ்சைப் பொத்திக்கொண்டார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. கள்ளன் எதையும் தொடுவான், வாந்திப் பையைத் தொடமாட்டான். அதுக்குள்ளதான் வச்சனான்." ஜக்கெற்றுக்குள்ளிருந்து வாந்திப் பை ஒன்றை எடுத்துப் பெருமையாகக் காட்டினார்.

"திறந்து பாருங்கோ, அண்ணை."

திறந்தார். உள்ளே பாதி கடித்த பணிஸ், விமானத்தில் குடுக்கிற சின்ன ரொட்டி, வெண்ணெய் பூசியபடி.

மனுசன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மிச்சப் பணிஸை வைத்த பையைத் தாலி என்று எடுத்துக்கொண்டு, தாலி வைத்த பையைக் குப்பைக்கு விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். நான் மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பணிஸ் மணவறைக்குப் போயிருக்கும். ஐயர் தேங்காயில் வைத்துச் சபைக்குக் காட்டியிருப்பார்.

"என்ர பிள்ளையளின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டனே," என்று தலையில் கை வைத்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. டொரீன் அவருக்கு முன்னால் தானும் குந்தினா. தாலிப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தா.

"தாலியில என்ன உருவம் எண்டு கேள்," என்றா என்னிடம்.

"பிள்ளையார்," என்றார் அவர், அழுதபடி.

"பிள்ளையார் எண்டால்?"

"யானைமுகம்," என்றேன்.

டொரீன் துணியை விலக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "யானைதான்," என்று பையை அவர் மடியில் வைத்தா. கையெழுத்தும் வாங்கினா. முறை முறைதானே.

அவர் இரண்டு கையாலும் அதைக் கண்ணில் ஒற்றினார். பிறகு திரும்பவும் அழுகை. "கிடைச்சும் என்ன பிரயோசனம் பிள்ளை, நேரம் போயிட்டுதே, இனிப் பன்னிரண்டுக்குள்ள போய்ச் சேரேலாதே."

"அண்ணை, உங்கட மணிக்கூடு இன்னும் சூரிச்சில நிக்குது. ஆள்தான் லண்டனுக்கு வந்திருக்கிறியள். ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புங்கோ."

"எங்கை திருப்புறது? பிளேன் பிந்தித்தானே வந்தது?"

"பிளேன் பிந்தேல்லை. நீங்கள் எத்தினை ரீ குடிச்சனீங்கள்?"

"ஒண்டு. மற்றதில பாதி. ஏன்?"

"அதுதான் சூரிச். சரியா வந்திருக்கிறான்."

மேலே சுவரில் பெரிய மணிக்கூடு. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பத்துப் பத்து. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேணும், தவமணி. பரிசு விழுந்தது மாதிரி.

"இந்த ஒரு மணித்தியாலம் எங்கையிருந்து வந்தது?"

"உங்கடதான், வச்சிருங்கோ. திரும்பிப் போகேக்க வாங்கிப்போடுவாங்கள்."

டொரீன் காவலாளியிடம் ஏதோ சொல்ல, அவரை வரிசையின் முன்னுக்கு விட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பணிஸை என் கையில் தந்துவிட்டுத்தான் ஓடினார்.

கிங்ஸ்பரி கிட்டவென்றாலும் சனிக்கிழமைத் தெரு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. அடுத்த விமானம் ஏதென்ஸ். ஒலிவ் கொட்டை பொறுக்குகிறேன், மனம் மணவறையில் நிற்கிறது. தாலி வந்ததோ, தெருவில் நிற்கிறாரோ, அந்தப் பொம்பிளைப் பிள்ளை கூறைச்சேலையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளோ. பதினொன்றரை. டொரீனும் மணிக்கூட்டை வழக்கத்தைவிடக் கூடத் திருப்பிப் பார்த்தா. பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ரேடியோ கரகரத்தது. விமான மேசைப் பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளை, திக்கித் திக்கிச் சொல்கிறாள்: "ஒரு ஆள் போன் எடுத்தார். ஒரே மேளச் சத்தம். துப்புரவு அம்மாவிட்டச் சொல்லச் சொன்னார்... கட்டி... யாச்சு. என்ன அது?"

நான் பிடித்துக்கொண்டிருந்த இருக்கைப் பட்டியோடு அப்படியே ஆசனத்தில் இருந்துவிட்டேன். பயணியின் ஆசனத்தில் நாங்கள் இருக்கக்கூடாது, அதுவும் சட்டம். டொரீன் கண்டும் காணாமல் நின்றா.

"என்னவாம்?"

"முடிச்சுப் போட்டாச்சாம்."

தலையை ஆட்டினா. நிறைய நேரம் ஆட்டினா. பிறகு குனிந்து, மெதுவாக, "டார்லிங்," என்றா.

பட்டியை விட்டுவிட்டு எழும்பினேன். "என்ன செய்தனான்?"

"சூரிச் பிளேன், ஐஞ்சாம் வரிசை. பொத்தான்."

ஐயோ, அதை நான் எடுக்கவே இல்லை! தாலி கண்ட சந்தோசத்தில் ஐந்தாம் வரிசையை எப்படித் தாண்டினேனோ. பொத்தான் விமானத்தோடு சூரிச்சுக்குப் பறந்துவிட்டது. பின்னேரம் அதே விமானம் திரும்பி வந்தபோது முதல் ஆளாய் ஏறி, ஐந்தாம் வரிசையில் கை விட்டு எடுத்தேன். போக ஒன்று நாற்பது, வர ஒன்று நாற்பது. உங்கட மருமகனுக்குத் தெரியாதது அந்தப் பொத்தானுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எட்டு வருடம், மேர்சி லீவென்றால் டொரீனே என் படிவத்தை நிரப்பினா. ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. நான் வேலையை விட்ட நாளில் ஒரு கண்ணாடிக் கூடு பரிசாகத் தந்தா. 'கடைசி நாளிலும் நக்கலா' என்று திறந்தேன். உள்ளே கண்ணாடி இல்லை. சிவப்புப் பொத்தான்.

அந்தா, சத்தம் கேக்குதே? குப்பை லொறி மூலைக்கு வந்திட்டுது, நான் இன்னும் குப்பைத் தொட்டியை வெளியில வைக்கேல்லை! உங்கட குப்பைப் பையையும் வேலிக்கு மேலால தாங்கோ, சேத்துக் கொண்டுபோறன். இல்லை, இல்லை, கட்டாதேங்கோ. ஒருக்கா அமத்திப் பாத்திட்டுக் கட்டுறன்.